பாத்ரூம் கசிவு நின்றது: ஒரு ஃப்ளோர் ட்ராப்பும் அதைப் போட்டுக் கொடுத்த இருவரும்

சென்னை கொளத்தூரில் எங்கள் ஃப்ளாட் இரண்டாவது மாடி. கட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆன கட்டடம். போன வருஷம் பெரிய பாத்ரூமை முழுசாக உடைத்துப் புதுசாகச் செய்தோம். மாமியாருக்கு முட்டி வலி; வழுக்காத தரை, பிடித்து எழ ஒரு கைப்பிடி, வெஸ்டர்ன் டாய்லெட் மூன்றும் கட்டாயம் தேவைப்பட்டது. அதைவிட அவசரம் கீழ்வீட்டு சீலிங். எங்கள் பாத்ரூம் தண்ணீர் அவர்கள் வீட்டில் இறங்கி, பெயின்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்து, ஒரு இடத்தில் பூச்சே பெயர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்திருந்தது.

டைல்ஸ், ஷவர், கண்ணாடி பற்றி இங்கே எழுதவில்லை. பணம் இருந்தால் அதெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். தரையில் தண்ணீர் இறங்கும் அந்த நாலு அங்குல ஓட்டையைக் கசியாமல் செய்து கொடுத்த பிளம்பர், அவரோடு வந்த மேஸ்திரி, இவர்களுடைய வேலையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். வேலைக்கு முழு மார்க் போடுவேன். வேலை நடந்த விதத்தில் இரண்டு மூன்று குறை உண்டு, அதையும் சொல்கிறேன். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆனால் அவர் செய்த ஒவ்வொன்றையும் எழுதிவைத்திருக்கிறேன். உங்கள் ஊர் பிளம்பரிடம் இதையே கேட்டுச் செய்யச் சொல்லலாம்.

இவருக்கு முன்னால் ஒரு வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்தார். பாத்ரூமுக்குள் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, கீழ்வீட்டு சீலிங்கில் துளை போட்டு ஊசி மூலம் கெமிக்கல் ஏற்றலாம், மேலே டைல்ஸ் இடுக்கில் மறுபடி கிரௌட் (இடுக்கை அடைக்கும் கலவை) அடிக்கலாம், அவ்வளவு போதும் என்றார். எங்கிருந்து கசிகிறது என்று கேட்டேன். "எல்லா பாத்ரூமும் இப்படித்தான்மா கசியும்" என்பதுதான் பதில். அதோடு அவரை அனுப்பிவிட்டோம்.

பிளம்பர் அண்ணன் வந்த அன்று உளியையே தொடவில்லை. முதலில் கீழ்வீட்டுக்குப் போனார். சீலிங்கில் ஈரம் எந்த இடத்தில், சொட்டு எப்போது விழுகிறது என்று அந்த அக்காவிடம் விசாரித்தார். "காலையில நீங்க எல்லாம் குளிச்சு முடிச்சப்புறம்தான் சொட்டுது. ஊருக்குப் போயிருந்தீங்களே, அப்ப நின்னுபோச்சு" என்றார் அக்கா. அந்த ஒரு பதிலிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. நல்ல தண்ணீர் பைப்பில் கசிவு இருந்தால் அதில் எப்போதும் அழுத்தம் இருக்கும், யாரும் குளிக்காவிட்டாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். குளித்த பிறகு மட்டும் சொட்டினால் கழிவுநீர் போகும் வழியில்தான் கோளாறு. கழிவுநீர் வழி என்றாலும் அதில் இரண்டு இடம் உண்டு: தரை ஓட்டையில் பொருத்தியிருக்கும் ட்ராப்புக்குக் கீழே ஓடும் பைப், ட்ராப்பும் தரையும் சேரும் இடம். இதில் எது என்று தெரியாமல் உடைத்தால் வீண் செலவு.

அதைப் பிரித்துப் பார்க்க அவர் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. வாளியில் தண்ணீர் நிரப்பி அதில் கேசரி பவுடர் கலந்தார். ஒரு ஹோஸ் துண்டை ட்ராப் வாய்க்குள் நன்றாக இறக்கி, தரையில் ஒரு சொட்டுகூடப் படாமல் வாளி வாளியாக ஊற்றினார். கீழே சீலிங்கில் எதுவும் வரவில்லை. மறுநாள், ட்ராப் வாயைத் துணிமூட்டை வைத்து அடைத்துவிட்டு, தரை மேலேயே தண்ணீரைத் தேக்கினார். சாயங்காலத்துக்குள் கீழ்வீட்டில் அதே பழைய இடத்தில் சொட்டு விழுந்தது. ஆக, ட்ராப்புக்குக் கீழே உள்ள பைப் நன்றாகத்தான் இருக்கிறது, தரையிலிருந்து ட்ராப்புக்குள் இறங்கும் அந்த வாய் ஓரத்தில்தான் தண்ணீர் தப்புகிறது. "ஊசி போட்டா தண்ணி வேற எடத்துல கிளம்பும் மேடம். தப்புற எடத்த அடைக்காம வேற எங்க அடைச்சும் பிரயோஜனம் இல்ல" என்றார்.

எங்கள் பாத்ரூம் சங்கன் ஸ்லாப். அதாவது பாத்ரூமுக்குக் கீழே உள்ள கான்கிரீட் மட்டும் மற்ற அறைகளைவிடத் தாழ்வாக இருக்கும். அந்தப் பள்ளத்தில் பைப்புகளை ஓட்டி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, அதன் மேல் தரை போடுவார்கள். இந்த அமைப்பில் கசிவு உடனே வெளியே தெரியாது. பள்ளம் முழுக்க ஜல்லிக்குள் தண்ணீர் ஊறி நின்று, ஸ்லாப்பில் எங்கே நுண்ணிய விரிசல் கிடைக்கிறதோ அங்கேதான் இறங்கும். கீழ்வீட்டில் ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்கக் கூடாது. எங்களுக்கு ஈரம் தெரிந்தது கமோடுக்குக் கீழே. ஓட்டை இருந்தது ஷவர் பக்கத்தில்.

உடைத்துப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. பழைய ட்ராப்பின் விளிம்பு டைல்ஸ் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே நின்றுவிட்டிருந்தது. அந்த இரண்டு அங்குல உயரத்தைச் சமாளிக்க, கட்டியவர்கள் செங்கல் துண்டும் சிமெண்ட் கலவையும் வைத்து வட்டமாகப் பூசி, அதன் மேல் ஜாலியை (ஓட்டையை மூடும் துளைத் தட்டை) உட்கார வைத்திருக்கிறார்கள். பிவிசி வழுவழுப்பான சாமான். சிமெண்ட் அதைக் கவ்விப் பிடிக்காது. காய்ந்து சுருங்கும்போதே பிளாஸ்டிக்கைவிட்டு விலகி முடி அளவு இடைவெளி விழும். எங்கள் வீட்டில் அந்த இடைவெளியில் ஒரு ரூபாய்க் காசு நுழைந்தது. தினம் குளிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ட்ராப்புக்குள் போகாமல் அந்த வட்டத்தின் வெளிப்பக்கமாக வழிந்து ஜல்லிக்குள் இறங்கியிருக்கிறது. அள்ளிய ஜல்லி கறுத்து, சேறாக, சாக்கடை நாற்றம் அடித்தது. இதற்கு மேலே எத்தனை முறை டைல்ஸ் இடுக்கில் கிரௌட் அடித்திருந்தாலும் பலன் இருந்திருக்காது.

இனி புதுசாகப் போட்டது. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

ட்ராப் வாங்க பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைக்குப் போனோம். டைல்ஸ், சானிட்டரி சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. கடைக்குக் கடை பார்த்து வாங்க வசதி. ஃப்ளோர் ட்ராப் என்றாலும் தருவார்கள், நானி ட்ராப் என்றாலும் தருவார்கள். அண்ணன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கவிழ்த்து, உள்ளே எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கும் என்று விரலை விட்டுப் பார்த்தார். ட்ராப்பில் எப்போதும் தேங்கி நிற்கும் அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாடையையும் கரப்பான் பூச்சியையும் மேலே வரவிடாமல் தடுப்பது. 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலமாவது நிற்க வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் சில ட்ராப்புகளில் அதில் பாதிகூட இல்லை. ஆழமான ட்ராப்புக்கும் ஆழமில்லாததற்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது, இரண்டுமே சில நூறு ரூபாய்தான். இங்கே மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

பைப்பிலும் ஒன்றைக் கவனிக்கச் சொன்னார். கழிவுநீருக்கான பிவிசி பைப்பில் ஐஎஸ் 13592 என்ற தர எண் அச்சடித்திருக்கும், கூடவே டைப் ஏ அல்லது டைப் பி என்றும் இருக்கும். ஏ என்பது மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும். பாத்ரூம், டாய்லெட் கழிவுக்கு பி. பி கனம் கூடியது. கடைக்காரர் கேட்காமல் ஏ எடுத்துக் கொடுத்தால் திருப்பிக் கொடுக்கலாம்.

ட்ராப்போடு ஹைட் ரைசர் என்று ஒரு துண்டு வாங்கினார். ட்ராப் கழுத்தை டைல்ஸ் மட்டம் வரை உயர்த்துகிற பிளாஸ்டிக் வளையம் அது. பழைய ஆட்கள் செங்கல் துண்டு வைத்த அதே இரண்டு அங்குலத்துக்கு இது வருகிறது. சால்வென்ட் (பிவிசி ஒட்டும் பசை) போட்டு ஒட்டிவிட்டால் ட்ராப்பின் அடியிலிருந்து ஜாலி வரை ஒரே பிளாஸ்டிக். நடுவில் சிமெண்ட் இணைப்பே கிடையாது. எவ்வளவு உயரம் வேண்டும் என்று தெரிய, தரையின் வாட்டத்தை முதலில் கணக்குப் போட்டு, டைல்ஸ், ஒட்டும் கலவை இரண்டின் கனத்தையும் சேர்த்து, சுவரில் பென்சில் கோடு போட்டுக்கொண்ட பிறகுதான் துண்டை அறுத்தார். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத வாட்டம், நாலு மூலையிலிருந்தும் ட்ராப்பை நோக்கி.

ஒட்டுகிற வேலை சில நிமிஷம்தான், ஆனால் பார்க்க நன்றாக இருந்தது. இரண்டு பக்கத்தையும் உலர்ந்த துணியால் துடைத்தார். சால்வென்ட்டை மெல்லிசாகத் தடவி, நுழைத்து, கால் சுற்றுத் திருப்பி, அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டார். நான் ஏதோ கேட்கப் போக, கையைக் காட்டி இருக்கச் சொன்னார். பிடியை விட்ட பிறகுதான் பேச்சு.

அடுத்து செய்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ட்ராப் கழுத்தின் வெளிப்பக்கம் முழுக்க மறுபடி சால்வென்ட் தடவி, அது காய்வதற்குள் சலித்த உலர் மணலை ஒரு பிடி எடுத்து அதன் மேல் தூவினார். மணல் ஒட்டிக் காய்ந்ததும் வழுவழு பிளாஸ்டிக் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிட்டது. இப்போது சிமெண்ட் கலவை அதைக் கவ்விப் பிடிக்கும். செலவு என்று பார்த்தால் ஒரு பிடி மணல், கொஞ்சம் சால்வென்ட். எங்கள் வீட்டில் இருபது வருஷமாகத் தண்ணீர் தப்பிய வழி இந்த ஒரு பிடி மணலில் அடைபட்டது. சுற்றி வைத்த கலவையும் சாதாரண சிமெண்ட் இல்லை. காய்ந்தால் சுருங்காத கிரௌட் கலந்தது. மேஸ்திரி அதைக் கரண்டியால் அப்பாமல், குச்சியால் குத்திக் குத்தி உள்ளே இறக்கினார், காற்று நிற்காமல் இருக்க.

அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங். டாக்டர் ஃபிக்ஸிட் பிடிஃபின் 2கே வாங்கினோம். பவுடர் தனி, திரவம் தனியாக வரும். இரண்டையும் கலந்து பிரஷ்ஷால் அடிக்க வேண்டும். காய்ந்த பிறகு கொஞ்சம் நெளிந்து கொடுக்கும் தோல் போல இருக்கிறது. இதே ரகத்தில் ஃபாஸ்ராக் பிரஷ்பாண்டும் நல்லது என்றார். கடையில் கிடைத்ததை எடுத்தோம். எந்தப் பிராண்ட் என்பதைவிட எப்படி அடிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் பட்டது. முதல் கோட் ஒரு திசையில். அது காய்ந்த பிறகு இரண்டாவது கோட் குறுக்குத் திசையில். சுவரும் தரையும் சேரும் மூலைகளைக் கோட்டிங் அடிப்பதற்கு முன்பே கலவையால் வளைவாகப் பூசிவிட்டார்கள், மடிப்பில் விரிசல் விடாமல் இருக்க. ட்ராப் கழுத்தைச் சுற்றி ஃபைபர் வலையை வெட்டி வைத்து, அதன் மேல் கோட்டிங்கை ட்ராப் வாயின் உள் விளிம்பு வரைக்கும் இறக்கி அடித்தார் மேஸ்திரி. வழக்கமாக ஓட்டைக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே நிறுத்திவிடுகிறார்களாம். அப்படி நிறுத்தினால் பழைய கதைதான்.

பிறகு தண்ணீர் தேக்கும் சோதனை. வாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் குறித்து வைத்தார். ஒரு நாள் வைத்துப் பார்ப்பது பொதுவான வழக்கம். இவர் 48 மணி நேரம் வைத்தே தீருவேன் என்று நின்றார். டைல்ஸ் ஒட்டுகிறவர் வேறு ஆள், அவருக்கு அவசரம். "கோட்டிங்தான் அடிச்சாச்சே, இன்னும் எதுக்குண்ணா தண்ணி?" என்று சலித்துக்கொண்டார். "டைல்ஸ் ஒட்டுனப்புறம் கசிஞ்சா நீதான் வந்து பேக்கணும், பரவாயில்லையா?" என்றதும் பேசாமல் போய்விட்டார். நான் இரண்டு நாளும் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பார்த்தேன். சொட்டு இல்லை. மேலே குறித்த கோட்டிலிருந்து மட்டம் இறங்கவும் இல்லை. அடைப்பை எடுத்து அவ்வளவு தண்ணீரையும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, பைப் இணைப்புகளையும் அப்போதே பார்த்துக்கொண்டார்கள்.

ஒன்றை அவர் முன்கூட்டியே சொன்னது பெரிய உதவியாக இருந்தது. கான்கிரீட்டில் ஊறிய பழைய தண்ணீர் வடிய சில வாரம் ஆகும், அதுவரை கீழ்வீட்டில் ஈரம் தெரியத்தான் செய்யும், பயப்படக் கூடாது, நன்றாகக் காயாமல் பெயின்டும் அடிக்கக் கூடாது என்றார். இதை அவரே கீழ்வீட்டு அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த ஈரத்துக்காக எங்களுக்குள் இன்னொரு மனஸ்தாபம் வராமல் போனதற்கு அவர்தான் காரணம்.

வாஷ்பேசின் வேஸ்ட் கப்ளிங், அதாவது பேசின் ஓட்டையில் பொருத்தும் வடிகால் துண்டு, அதைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேசினில் மேலே வழிந்து போக ஒரு துளை இருந்தால், பக்கவாட்டில் துளையுள்ள கப்ளிங் வாங்க வேண்டும். அந்த வழியாக வரும் தண்ணீர் அதற்குள் இறங்கும். பேசினில் அந்தத் துளை இல்லாவிட்டால் கப்ளிங்கிலும் துளை இருக்கக் கூடாது. மாற்றிப் போட்டால் கப்ளிங் துளை வழியே தண்ணீர் வெளியே வந்து மரை ஓரமாகச் சொட்டும், எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கடைக்குப் போகும்போது பேசின் போட்டோவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 32 மில்லிமீட்டர் பித்தளைக் கப்ளிங் எடுத்தோம்; எங்கள் போர் தண்ணீர் உப்பு, முலாம் பூசிய பிளாஸ்டிக் தாங்காது. பேசின் ஓட்டையைச் சுற்றி வெள்ளை சிமெண்ட் வைக்கும் பழக்கம் இவருக்குக் கிடையாது. மெல்லிசாக சிலிக்கான், அடியில் ரப்பர் வாஷர், நட்டைக் கையால் இறுக்கி ஸ்பானரில் லேசாக ஒரு திருகு. பிறகு நட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்துவிட்டு, பேசினை நிரப்பித் திறந்துவிட்டார். பேப்பர் காய்ந்தே இருந்தது.

டைல்ஸ் இடுக்குக்கு தரையில் மட்டும் எபாக்ஸி கிரௌட் போட்டோம். விலை கூடுதல், கலந்தால் சீக்கிரம் இறுகிவிடும், மேலே பட்டதை உடனுக்குடன் துடைக்காவிட்டால் டைல்ஸ் மேல் படலம் நிற்கும். எங்களுக்கே ஒரு மூலையில் படலம் நின்றுவிட்டது. ஆனாலும் போடுவது நல்லது, ஆசிட் ஊற்றிக் கழுவுகிற வீடுகளில் சிமெண்ட் கிரௌட் அரித்துப்போகும். இப்போது ஆசிட் பக்கமே போவதில்லை, அது வேறு.

குறைகளுக்கு வருகிறேன். சொன்ன நேரத்துக்கு வருவது இவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. பத்து மணி என்றால் பன்னிரண்டு. இடையில் வேறு இடத்து வேலைக்குப் போய்விட்டு, போன் எடுக்காத நாளும் உண்டு. மாமியாரை வைத்துக்கொண்டு ஒற்றை பாத்ரூமில் சமாளித்த எங்களுக்கு அது உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. இடிபாட்டு மூட்டைகளை இறக்கி ஏற்றிப் போக வண்டிக் கூலி தனி என்பதை முதலிலேயே சொல்லவில்லை. பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார்கள். கோட்டிங், ட்ராப் கடை ரசீதுகளை நானே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். கூலி மட்டும் இருவருக்கும் சேர்த்து பதினெட்டாயிரம் ஆனது, டைல்ஸ் ஒட்டியது தனி. ஊசி போடச் சொன்ன கம்பெனி கேட்டதைவிட இது அதிகம். இருந்தும் பணம் கொடுக்கும்போது மனசு கனக்கவில்லை.

இப்போது எப்படி இருக்கிறது? வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே வேலை முடிந்தது. மழைக்காலம் முழுக்கத் தினம் குளியல், துணி அலசல் எல்லாம் அந்தத் தரையில்தான். கீழ்வீட்டு சீலிங் காய்ந்து, துருப்பிடித்த கம்பியைத் தேய்த்துப் பூசி, பொங்கலுக்கு முன்னால் பெயின்ட் அடித்தாயிற்று. பாத்ரூமில் சாக்கடை வாடை அடியோடு இல்லை. அந்த வாடை பழசிலிருந்தே பழகிப்போய், எல்லா பாத்ரூமிலும் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தோம். பல நாள் ஊருக்குப் போய் வந்தால் ட்ராப்பில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுகிறேன். வெயில் காலத்தில் தேங்கிய தண்ணீர் வற்றிவிடும். ஜாலியைத் தூக்கி முடி எடுப்பது வாரா வாரம்.

வேலை முடிந்து காசு வாங்கும்போது அண்ணன் இன்னொன்று சொன்னார். பள்ளத்தை நிரப்புவதற்கு முன்னால், ஸ்லாப்பின் அடி மட்டத்தில் ஓர் அங்குல பைப் ஒன்றை, கட்டடத்தின் பைப்புகள் இறங்கும் டக்ட் பக்கம் வெளியே நீட்டிவிட்டால், பின்னால் எப்போதாவது உள்ளே தண்ணீர் சேர்ந்தாலும் அது வழியாக டக்ட்டில் சொட்டும், கீழ்வீட்டுக்குப் போகாமலே நமக்குத் தெரிந்துவிடும் என்று. நல்ல யோசனைதான், நிரப்புவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் சின்ன பாத்ரூமையும் சித்திரைக்கு மேல் இவர்களிடமேதான் கொடுக்கப் போகிறோம். அதில் அந்தப் பைப் போட்ட பிறகுதான் ஜல்லி கொட்ட வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன், வண்டிக் கூலியையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லி.